கால்மாட்டுப் பிடி

ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் ஆளின் கனம் சரிபாதியாகப் பிரிவதில்லை. தலையும் மாரும் இடுப்பும் ஒரு பக்கம் போய்விடும். மறுபக்கம் வெறும் கால்கள்தான். சித்தூர் ஆஸ்பத்திரி வண்டியில் நான்கு வருஷமாக ஆள் தூக்கும் முனிகிருஷ்ணனுக்கு இது கைக்குத் தெரிந்த கணக்கு. முதல் மூன்றரை வருஷம் தலைமாட்டைப் பிடித்தவன் அவன்தான். டிரைவர் சிட்டிபாபு கால்மாட்டைப் பிடிப்பார். வண்டிக்கு இவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

போன புரட்டாசியிலிருந்து அது மாறிவிட்டது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்த ஒரு வியாபாரியைத் தூக்கப் போனபோது சிட்டிபாபு நேராகத் தலைமாட்டுப் பக்கம் போய்க் குந்திக்கொண்டார். முனிகிருஷ்ணன் கால்மாட்டுக்கு நகர்ந்தான். அன்றிலிருந்து அப்படியே நடக்கிறது.

காரணம் இருவருக்கும் தெரியும். அதற்குச் சில நாள் முன்னால், பிரம்மோற்சவக் கூட்டத்துக்காக சித்தூர் வண்டியையும் திருப்பதிக்கு வரவழைத்து, மலையடிவாரத்தில் அலிபிரியில் நிறுத்தியிருந்தார்கள். படியேறிப் போன ஒரு பெரியவருக்கு மேலே மூச்சு முட்டிவிட்டது என்று ஆள் ஓடி வந்தான். இருவரும் காலில் இருந்த பூட்ஸைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டு ஏறினார்கள். வேலையில் பூட்ஸ் கழற்றக்கூடாது என்பது ஆஸ்பத்திரி சட்டம். ஆனால் பெருமாள் மலையில் பூட்ஸோடு படி மிதிக்கிற தைரியம் இரண்டு பேருக்கும் இல்லை. பெரியவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, யாரோ வேண்டுதலுக்காகப் படிக்குப் படி மஞ்சள் பூசி வைத்திருந்தார்கள். ஈர மஞ்சளில் சிட்டிபாபுவின் வெறுங்கால் வழுக்கியது. அவர் உட்கார்ந்துவிட்டார். முழுக் கனமும் ஒரு நொடியில் முனிகிருஷ்ணன் கைக்கு வந்தது. அவன் விடவில்லை. பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முனிகிருஷ்ணனின் இடுப்புக்குள் மட்டும் ஏதோ ஒன்று இடம் மாறியது.

அன்று டிரிப் நோட்டில் சிட்டிபாபு, 'யாருக்கும் காயம் இல்லை' என்று எழுதினார். முனிகிருஷ்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். காயம் என்று எழுதினால் எப்படி என்று கேட்பார்கள். கேட்டால் வெறுங்கால் வெளியே வரும்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவன் மனைவி யசோதா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். பிறகு தன் பழைய புடவையிலிருந்து கிழித்த பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவாள். அதன் மேல் காக்கிச் சட்டை.

"சுத்தி டாக்டருங்க கீறாங்க. ஒருத்தர் கிட்ட சொன்னா இன்னா?" என்று கேட்பாள்.

"சுத்தி டாக்டருங்க கீறதாலதான் சொல்ல முடியல" என்பான் அவன்.

அவன் இன்னும் டெம்பரரி ஆள். ஒவ்வொரு வருஷமும் பர்மனென்ட் கேட்டுப் போனால் ஆபீஸ் கிளார்க் ஒரே பதிலைச் சொல்வார். "உன் ஊர் சத்தியவேடு பக்கம். அது மெட்ராஸ் ராஜ்ஜியம். இது ஆந்திரா. எல்லை தீரட்டும், பாக்கலாம்." எல்லை இப்போது தீர்ந்துவிட்டது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போகிறது, சத்தியவேடு இந்தப் பக்கம் வருகிறது. முனிகிருஷ்ணன் இருந்த இடத்திலேயே இருக்க, அவன் ஊர் அவனைத் தேடி வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் கேலி பேசினார்கள். மார்ச் பாதியில் ஒரு காலை அவன் கைக்குக் காகிதம் வந்தது. இருபத்தெட்டாம் தேதி உடல் தகுதிப் பரிசோதனை. அதில் தேறினால் பர்மனென்ட்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்று அவன் விசாரித்து வைத்திருந்தான். உயரம், எடை, கண், மாரில் குழாய் வைத்துப் பார்ப்பது. குனியச் சொல்ல மாட்டார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

அதே காலை பத்து மணிக்கு டெலிபோன் வந்தது. புத்தூர் ரோட்டில் பதினெட்டு மைலில் உள்ள தபாலாபீசிலிருந்து பேசினார்கள். மாங்கொல்லை என்ற ஊரில் கிணற்றில் தூர் வாரிக்கொண்டிருந்த ஆள் உள்ளே விழுந்துவிட்டானாம். உயிர் இருக்கிறது, கால் போய்விட்டது.

அது பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த பழைய வண்டி. மேட்டில் ஏறும்போது முனகும். சிட்டிபாபு ஒரு கையால் மணிக் கயிற்றை இழுத்துக்கொண்டே ஓட்டினார்.

"பர்மனென்ட் ஆயிட்டா என்னை ஞாபகம் வெச்சிக்கோ தொரை" என்றார்.

"நீ பர்மனென்ட் ஆயி பத்து வருசம் ஆச்சேணா."

"அதனாலதான் சொல்றேன். பர்மனென்ட் ஆனவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

முனிகிருஷ்ணன் சிரித்தான். சிரித்தால் இடுப்பில் குத்தியது. சிட்டிபாபு அதைப் பார்த்தார். ஒரு பள்ளம் வந்தபோது வழக்கத்தைவிட மெதுவாக இறக்கினார்.

கிணறு ஊருக்கு வெளியே கரும்புக் கொல்லைக்கு நடுவில் இருந்தது. நாற்பதடி ஆழம், நாலு பக்கமும் கல் கட்டு. சுவரை ஒட்டி ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் கல்படி சரிந்து இறங்கியது. படியின் மறுபக்கம் கைப்பிடிச் சுவர் எதுவும் இல்லை, வெறும் காற்று. எதிர்ப்பக்கத்தில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கபிலை. மரச் சட்டத்தில் கப்பி தொங்கியது. அதற்குப் பின்னால் மாடுகள் இறங்கிப் போகும் சரிவு நீண்டு கிடந்தது.

அடியில் கணுக்கால் அளவுச் சேற்றில் கோவர்த்தனன் கிடந்தான். முப்பது வயதிருக்கும். வலது தொடை எலும்பு முறிந்து கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. அவன் அண்ணன் நாராயணசாமி தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

முனிகிருஷ்ணன் இறங்கினான். இறங்குவது பரவாயில்லை. சேற்றில் மண்டியிட்டு, மூங்கில் பத்தைகளை வைத்து, காலை இடுப்பிலிருந்து பாதம் வரை கட்டினான். கட்டும்போது கோவர்த்தனன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"கால எடுத்துடுவாங்களா?"

"எலும்புதான் ஒடைஞ்சிருக்கு. ஒட்டிக்கும். ஆனா இனிமே ஆடக்கூடாது, கேட்டுக்கினியா? உள்ள எலும்பு முனை கத்தி மாதிரி கீது. நீ ஆடினா அது ரத்தக் குழாயைக் கிழிக்கும்."

ஸ்ட்ரெச்சரில் கிடத்தி மூன்று இடத்தில் பட்டை போட்டு இறுக்கினார்கள். சிட்டிபாபு பேச்சில்லாமல் தலைமாட்டுக்குப் போய்க் குந்தினார். முனிகிருஷ்ணன் கால்மாட்டுக்கு வந்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

படியில் ஏற்றும்போது தலை மேலே போக வேண்டும். அப்போது கால்மாடுதான் கீழே. கீழே இருப்பவன் மேல்தான் கனம் சரியும். ஆறு மாதமாகச் சிட்டிபாபு அவனுக்காகச் சுமந்ததெல்லாம் சமதரைக்கு மட்டும் செல்லும்.

சிட்டிபாபுவும் அதே நேரத்தில் அதைக் கண்டுகொண்டார். "மாத்திக்கலாம் வா" என்றார் மெதுவாக.

மாற்றினால் முனிகிருஷ்ணன் மேலே பின்பக்கமாக நடந்து, ஒவ்வொரு படிக்கும் குனிந்து இழுக்க வேண்டும். அதுவும் முடியாது. நாற்பத்து நான்கு படி. இருபதாவது படியில் இடுப்பு விட்டுப்போனால் மூன்று பேரும் கீழே வருவார்கள். மேலிருந்து யாரையாவது கூப்பிடலாம். ஆனால் அந்த அகலத்தில் தூக்கிப் பழக்கமில்லாதவன் ஒரு கால் தவறினாலும் அதே கதைதான். அதோடு, ஏன் நீ தூக்கவில்லை என்று கேட்பார்கள்.

கைப்பிடியைத் தொட்டபடியே அவன் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டையின் பையில் காலையில் வந்த காகிதம் மடித்துக் கிடந்தது. பன்னிரண்டு நாள். முயற்சி செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. முயற்சி செய்ய இங்கே கிடப்பது மூட்டை அல்ல என்பதும் தோன்றியது.

"இன்னா யோசனை? நேரம் போய்க்கினு கீதே" என்றார் நாராயணசாமி.

முனிகிருஷ்ணன் எழுந்து நின்றான். "எனக்கு இடுப்பு சரியில்லை. இந்தப் படியில என்னால தூக்க முடியாது. தூக்கினா உன் தம்பியைப் போட்டுடுவேன்."

நாராயணசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்க முடியாதவனை எதுக்கு அனுப்பினாங்க?"

"தெரியாம அனுப்பிட்டாங்க."

சிட்டிபாபு தலையைக் குனிந்துகொண்டார். மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் இதைக் கேட்டார்கள். சொன்ன பிறகு முனிகிருஷ்ணனுக்கு அதிசயமாக மூச்சு சீராக வந்தது. யோசிக்கவும் முடிந்தது. அண்ணாந்து கப்பியைப் பார்த்தான்.

"கபிலை மாடு எங்க?"

"கொட்டாய்ல."

"பூட்டு. தண்ணி மொள்ற சாலைக் கழட்டிட்டு அந்தக் கொக்கியில ஸ்ட்ரெச்சரை மாட்டலாம். படுத்தவாக்குல ஆடாம மேல போவான்."

நாராயணசாமி மறுபேச்சில்லாமல் படியேறி ஓடினார். முனிகிருஷ்ணன் நாலு மூலைக்கும் கயிறு போட்டு ஒரே அளவாகச் சேர்த்து முடிந்தான். ஸ்ட்ரெச்சர் சுவரில் இடிக்காமலிருக்க ஓரத்தில் இன்னொரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே படியேறி வரும்படி சிட்டிபாபுவிடம் கொடுத்தான். பிறகு தான் மட்டும் படிக்குப் படி சுவரைத் தடவிக்கொண்டு மேலே போனான்.

நாராயணசாமி ஓட்ட, மாடுகள் சரிவில் இறங்கத் தொடங்கின. கயிறு விறைத்தது. ஸ்ட்ரெச்சர் சேற்றை விட்டுக் கிளம்பி, தண்ணீர்ச் சால் வருவதைப் போலவே நிதானமாக மேலே வந்தது. சிட்டிபாபு கூடவே ஏறினார். முப்பதடி வரை எல்லாம் சரியாக இருந்தது.

முப்பதடி வந்ததும் கோவர்த்தனன் தலையைத் திருப்பிக் கீழே பார்த்துவிட்டான். கைகள் பட்டையை விட்டு வெளியே வந்தன. "அண்ணா, அண்ணா" என்று எழுந்திருக்கப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது.

மாடுகள் சரிவின் கடைசிக்கு வந்துவிட்டன. ஸ்ட்ரெச்சர் கிணற்று மேட்டுக்குச் சமமாக, கைக்கு எட்டாத தூரத்தில் தொங்கியது.

"நாராயணசாமி, இங்க வாய்யா" என்று கூப்பிட்டான் முனிகிருஷ்ணன். "தம்பி கிட்ட பேசு, அவன் ஆடுறான். மாடு நிக்கும், நீ வா."

நாராயணசாமி ஒரு கணம் தயங்கினார். காக்கிச் சட்டைக்காரன் சொல்கிறான், தம்பி கூப்பிடுகிறான். மாட்டை விட்டு ஓடி வந்தார்.

முனிகிருஷ்ணன் ஊரில் மாடு நிற்கும். அங்கே சரிவின் கடைசியில் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள். மாடு திரும்பிச் சுற்றி வந்து மேலே ஏறும். கழற்றும்வரை கல் மாதிரி நிற்கப் பழகிய மாடுகள். இந்தப் பக்கத்தில் கயிற்றைக் கழற்றுவதில்லை. சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும் மாடு அப்படியே பின்னால் நடந்து மேலே வரும். அதுவாகவே வரும், யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாடுகள் பின்னால் அடி வைத்தன.

ஸ்ட்ரெச்சர் இறங்கியது. ஒரு முழம், இரண்டு முழம். மேட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். கத்தலில் மாடுகள் மிரண்டு இன்னும் வேகமாகப் பின்வாங்கின. படியில் நின்ற சிட்டிபாபு பக்கக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். அந்தக் கயிறு ஒரு ஆளைத் தாங்காது. அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

முனிகிருஷ்ணன் சரிவில் ஓடினான். இழுத்து நிறுத்த அவன் இடுப்பில் சக்தி இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் ஊரிலும் சரி, இந்த ஊரிலும் சரி, மாடு இறங்கும்போது ஓட்டுகிறவன் கயிற்றின் மேல் உட்கார்ந்துகொள்வான். கயிற்றில் ஆள் கனம் விழுந்தால் கீழே போக வேண்டும் என்பது மாட்டின் பாடம். அவன் காலைத் தூக்கிப் போட்டுக் கயிற்றின் மேல் விழுந்து உட்கார்ந்தான்.

இடுப்பிலிருந்து கால் விரல் வரை ஒரு சூடு இறங்கியது. கண் இருண்டது. ஆனால் மாடுகள் நின்றன. பிறகு ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டதைப் போல் ஒரு தயக்கம்; முன்னால் நடந்தன.

"மாட்டைப் புடிங்க. மூக்கணாங்கயிறு. ரெண்டு பேரு" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "நவுரக் கூடாது."

இரண்டு பேர் ஓடி வந்து பிடித்தார்கள். நாராயணசாமி மேட்டில் மண்டியிட்டுத் தம்பியிடம் எதையோ விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஸ்ட்ரெச்சரைத் துரட்டுக்கோலால் இழுத்துத் தரையில் வைத்தார்கள். கட்டு அவிழவில்லை. கால் இருந்தபடி இருந்தது.

சிட்டிபாபு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. "ஏமி பாவா, மாடு நிக்கும்னியே, உங்க ஊர் மாடு ரொம்பப் படிச்ச மாடு போல" என்றார்.

திரும்பும் வழியில் முனிகிருஷ்ணனால் பின்னால் நோயாளி பக்கத்தில் உட்கார முடியவில்லை, மண்டியிட்டபடியே வந்தான். நாராயணசாமி எதிரில் இருந்தார். பாதி வழியில் அவர், "எழுந்துரு, இப்படி ஓரமாச் சாஞ்சிக்கோ. நான் அவனைப் பாத்துக்கறேன்" என்று தன் துண்டைச் சுருட்டிக் கொடுத்தார்.

கோவர்த்தனனை உள்ளே விட்ட பிறகு சிட்டிபாபு வண்டியின் பக்கத்தில் டிரிப் நோட்டைத் திறந்தார். தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. முக்கால் மணி நேரத்துக்குப் பதில் எழுத வேண்டும்.

"படி இடிஞ்சிருந்ததுன்னு எழுதறேன். யாரும் மாங்கொல்லைக்குப் போய்ப் பாக்கப் போறதில்லை."

"படி நல்லாத்தான் கீதுணா."

"உன் காகிதம் பையில இருக்குது. மறந்துட்டியா?"

முனிகிருஷ்ணன் வண்டியில் சாய்ந்து நின்றான். "அடுத்த கிணத்துல கபிலை இல்லாம போச்சுன்னா? அப்ப நான் இன்னா சொல்றது? உள்ளபடி எழுது."

சிட்டிபாபு உள்ளபடியே எழுதினார். எழுதி முடித்து நோட்டை மூடாமல், பக்கங்களைப் பின்னால் புரட்டிப் புரட்டாசிக்குப் போனார். அங்கே விரலை வைத்தபடி டாக்டர் அறைக்கு நடந்தார். முனிகிருஷ்ணன் பின்னாலேயே போனான்.

டாக்டர் வெங்கடராகவன் திருப்பதிக்காரர். அப்பா கோயில் கைங்கரியத்தில் இருப்பவர். அவர் இரண்டு பக்கங்களையும் படித்துவிட்டு முனிகிருஷ்ணனைக் குனியச் சொன்னார். அவன் முழங்காலைக்கூடத் தொடவில்லை. சட்டையைத் தூக்கச் சொன்னார். புடவைப் பட்டை தெரிந்தது.

"பிரம்மோற்சவத்துலேர்ந்தா? ஆறு மாசமா?"

"ஆமா சார்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

சிட்டிபாபு முந்திக்கொண்டார். "வழுக்கினது நான் சார். வெறுங்கால். பூட்ஸ் வண்டியில இருந்தது. காயமில்லைன்னு எழுதினதும் நான்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மலைப்படியில நானும் செருப்பு போட்டு நடந்ததில்லை. ஆனா நான் ஆளைத் தூக்கிண்டு எறங்கலை." நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அன்னிக்கு எழுதியிருந்தா வேலையில பட்ட காயம். அன்னிக்கே படுக்க வெச்சிருப்பேன். இப்ப நான் ஆபீசோட சண்டை போடணும். போடறேன். ஆனா தூக்கற வேலைக்கு உன்னை இருபத்தெட்டாம் தேதி தேற வைக்க என்னால முடியாது, தெரியுமோல்லியோ?"

"தெரியும் சார்."

சிட்டிபாபுவுக்கு ஒரு மெமோ வந்தது. முனிகிருஷ்ணனுக்கு மூன்று வாரம் மரப்பலகையில் படுக்கை. பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. காகிதம் மேலே போயிருக்கிறது என்றார் கிளார்க். சத்தியவேடு ஏப்ரல் முதல் தேதி சொன்னபடி வந்து சேர்ந்தது.

இப்போது அவன் வாசல் பக்கத்து அறையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், அதுவும் டெம்பரரிதான். வண்டியில் திருமலை என்ற புது ஆள் போகிறான். கோவர்த்தனன் கட்டுப் போட்ட காலோடு இன்னும் ஆண்கள் வார்டில் இருக்கிறான், நாராயணசாமி சாப்பாடு கொண்டு வரும்போது எட்டிப் பார்த்து, "துன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் டெலிபோன் அடித்தது. யாரோ மூச்சிரைக்கப் பேசினார்கள். கிணற்றில் விழுந்துவிட்டானாம்.

"மெதுவா சொல்லு" என்றான் முனிகிருஷ்ணன், பென்சிலை எடுத்துக்கொண்டு. "எவ்ளோ ஆழம்? படி எவ்ளோ அகலம்? சரி. கபிலை கீதா? உங்க மாடு பின்னால நடந்து வருமா, சுத்தி வருமா?"

அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ கத்திக் கேட்டார்கள். பிறகு பதில் வந்தது.

அவன் அதை எழுதி, வெளியே வண்டியில் மணிக் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்த சிட்டிபாபுவிடம் ஜன்னல் வழியே நீட்டினான். "பின்னால நடக்கிற மாடுணா. மாட்டுகிட்ட ரெண்டு பேரை நிக்க வை. யாரு கூப்ட்டாலும் அவங்க நவுரக் கூடாது."

சிட்டிபாபு காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பூட்ஸைக் காட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.